லைன்: ஓர் ஆங்கிலச் சொல்லை நூல் பிடித்துப் போய் அடிவரை பார்க்க முழுமையான வழிகாட்டி

சேலம் குகையில், எங்கள் வீட்டு முன்னறையில், சாயங்கால நேரத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒருநாள் ஒரு கேள்வி கேட்டாள். அவள் அம்மா வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர். "சார், லைன்னா கோடுன்னு சொன்னீங்க. எங்கம்மா ஜாக்கெட்டுக்கு உள்ள வெச்சுத் தைக்கிற துணிய லைனிங்னு சொல்றாங்க. அதுல கோடே இல்லீங்களே சார், வெறும் துணிதானுங்களே?"

அன்று மாலை அவளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ராத்திரி பெரிய அகராதியைப் பிரித்து உட்கார்ந்தேன். பதில் கிடைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏனென்றால் அந்தப் பதில் எங்கள் வீட்டுத் தறியில்தான் இருந்தது. லைன் என்ற சொல் முதலில் கோடு இல்லை, நூல். கோடு பிறகு வந்தது. ஜாக்கெட்டுக்குள் வைக்கும் துணிதான் அந்தச் சொல்லின் பிறந்த வீட்டுக்குக் கோட்டை விடப் பக்கத்தில் இருக்கிறது.

அன்றிலிருந்து என் வகுப்பில் சொற்பட்டியல் மனப்பாடம் கிடையாது. பல பொருள் உள்ள ஒரு சாதாரணச் சொல்லை எடுத்துக்கொண்டு, இரண்டு வாரம் அதன் பின்னாலேயே போகிறோம். எப்படிப் போவது என்பதை லைன் என்ற சொல்லை வைத்தே இங்கே சொல்கிறேன். பிள்ளைக்குச் சொல்லித் தரும் பெற்றோருக்கும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும், மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவர்களுக்கும் இதே வழிதான். ஒரு நாற்பது பக்க நோட்டும், ஒரு போனும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

முதல் படி: காதில் விழுவதை எல்லாம் எழுதுங்கள்

அகராதியை இன்னும் தொடாதீர்கள். முதல் மூன்று நாள் உங்கள் ஊரே அகராதி. அந்தச் சொல் எங்கே காதில் விழுந்தாலும், எந்தப் பலகையில் கண்ணில் பட்டாலும், யார் சொன்னது, யாரிடம், எதைப் பற்றி என்று ஒரு வரி எழுதுங்கள். சொல்லை மட்டும் எழுதினால் பயனில்லை. வாக்கியம் வேண்டும்.

எங்கள் வகுப்பு நோட்டில் சேர்ந்தவற்றில் சில. லைன்மேடு என்று பலகை போட்ட டவுன் பஸ். சேலம் ஜங்ஷனில் ஒரு பெரியவர், "மேட்டூர் லைன் வண்டி எந்த பிளாட்பாரம்ங்க?" கரண்ட் போனால் பக்கத்து வீட்டு அக்கா, "லைன்மேனுக்குப் போன் போட்டாச்சா?" மளிகைக் கடையில் பிஸ்கட் கம்பெனி சேல்ஸ்மேன், "நாளைக்கு ஆத்தூர் லைனுங்கண்ணா, வியாழக்கிழமைதான் இந்தப் பக்கம் வருவேன்." கல்யாண வீட்டில், "மாப்பிள்ளை எந்த லைன்ல இருக்காரு?" "ஜவுளி லைனுங்க." ரேஷன் கடையில், "லைன்ல வாம்மா." போனில், "லைன்லயே இருங்க." பத்திரப் பதிவு அலுவலக வாசலில், "கைடுலைன் வேல்யூ ஏறிப் போச்சு." வரிசையாக எட்டு வீடு கட்டிப் பொதுக் குழாய் வைத்து வாடகைக்கு விட்டால் அது லைன் வீடு. டிவியில் சின்னப்பம்பட்டி நடராஜன் பந்து போடும்போது லைன் அண்ட் லெங்த். கல்லூரிப் பையன்கள் பேச்சில் லைன் அடிப்பது. ஒரு பையன் கொஞ்சம் வெட்கத்தோடு இதை எழுதிக் காட்டினான். நல்லது, அதையும் சேர் என்றேன். அதற்கு உரிய இடம் பின்னால் வரும்.

மூன்று நாளில் இருபத்தேழு வாக்கியம் சேர்ந்தது. இத்தனைக்கும் ஆங்கிலமே பேசாத வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள். நம் பேச்சுக்குள் ஏற்கெனவே இருக்கும் பொருள்களை எடுத்து வைத்துக்கொண்டு தொடங்கினால், பிள்ளைக்கு அந்தச் சொல் அந்நியமாகத் தெரியாது.

இரண்டாம் படி: எந்த அகராதி, அதை எப்படிப் பிரிப்பது

ஆங்கில அகராதிகள் இரண்டு சாதி. ஒன்று மாணவர்களுக்கானது. இன்று எந்தப் பொருள் அதிகம் புழங்குகிறதோ அதை முதலில் போடும். இன்னொன்று வரலாற்று அகராதி. எந்தப் பொருள் முதலில் பிறந்ததோ அதை முதலில் போடும். இந்த வித்தியாசம் தெரியாமல், முதலில் இருப்பதுதான் உண்மையான பொருள் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

வரலாற்று அகராதிகளில் பெரியது ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி. முதல் பகுதி 1884இல் வந்தது, முழுதும் முடிய 1928 ஆயிற்று. ஊர் ஊராக வாசகர்கள் தாங்கள் படித்த நூல்களிலிருந்து வாக்கியங்களைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்ப, அதை வைத்துக் கட்டிய அகராதி அது. நீங்கள் முதல் படியில் செய்ததும் அதே வேலைதான், சிறிய அளவில். ஆக்ஸ்போர்டு முழுப் பதிப்பு காசு கொடுத்துப் பார்க்க வேண்டியது. மெரியம் வெப்ஸ்டர் இணையத்தில் இலவசம், அதுவும் பொருள்களைக் காலவரிசையில்தான் அடுக்குகிறது. சொற்பிறப்புக்கு என்றே எடிமான்லைன் என்ற தளம் இருக்கிறது. தமிழுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வந்தது, இப்போது இணையத்தில் கிடைக்கிறது. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் அகராதி எதற்கு என்று தோன்றும். நான்காம் படியில் அது இல்லாமல் நகர முடியாது.

பதிவைப் பிரித்ததும் மூன்று இடத்தை மட்டும் பாருங்கள். ஒன்று, இது பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா. லைனுக்கு இரண்டும் உண்டு, தனித்தனிப் பதிவாக இருக்கும். இரண்டு, எந்த ஆண்டில் அல்லது எந்த நூற்றாண்டில் முதலில் கிடைத்தது. மூன்று, எந்த மொழியிலிருந்து வந்தது என்று சொல்லும் சிறு குறிப்பு. மற்றதெல்லாம் அப்புறம்.

மூன்றாம் படி: இரண்டு முனையையும் பிடியுங்கள்

அப்பா குழித்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்தவர். பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்களில், ஓர் இழை அறுந்தால் தறி நின்றுவிடும். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓரமாக வைத்துவிட்டு, குனிந்து, ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவில் அறுந்த அந்த ஒற்றை இழையின் பின்முனையை விரல் நுனியால் தேடுவார். கண்ணால் இல்லை, விரலால். கிடைத்ததும் விழுதுக்குள் விட்டு, அச்சுப் பல்லுக்குள் இழுத்து, நெய்த துணிப் பக்கம் தொங்கும் முன்முனையோடு சேர்த்து முடிபோடுவார். ஒரு முனை மட்டும் கிடைத்தால் தறி ஓடாது.

சொல்லுக்கும் இதேதான். இன்றைய பொருள் முன்முனை. அது உங்கள் நோட்டில் இருக்கிறது. பின்முனையை அகராதியில் தேட வேண்டும்.

லைனின் பின்முனை இது. லத்தீனில் லீனும் என்றால் ஆளிச் செடி. நாட்டு மருந்துக் கடையில் ஆளிவிதை என்று கேட்டு வாங்குகிறோமே, அதைத் தரும் செடி. அந்தச் செடியின் தண்டு நாரைத் திரித்து நூலாக்கி நெய்வது ஐரோப்பாவில் பல்லாயிரம் ஆண்டுப் பழக்கம். நமக்குப் பருத்தி எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. அந்த நாரில் திரித்த நூலுக்கு லத்தீனில் லீனேயா என்று பெயர். இந்த லீனேயா ஆங்கிலத்துக்குள் இரண்டு வாசல் வழியாக வந்தது. பழைய ஆங்கிலக் காலத்திலேயே லீனெ என்ற வடிவத்தில், கயிறு, வரிசை என்ற பொருளோடு ஒரு முறை. நார்மானியர் ஆட்சிக்குப் பின், பிரெஞ்சில் லின்ய் என்று உருமாறி, இன்னொரு முறை. இரண்டும் ஒன்றாகக் கலந்து இன்றைய லைன் ஆனது.

செடி, நார், நூல், கயிறு, கோடு, வரிசை. வந்த வழி இதுதான்.

இந்த இடத்தில் அந்தப் பெண்ணின் கேள்விக்கு விடை வந்துவிட்டது. ஆளி நார்த் துணிக்கு லினன் என்று பெயர். சட்டைக்கும் அங்கிக்கும் உட்புறம் உடம்பில் உறுத்தாமல் இருக்க அந்த லினன் துணியை வைத்துத் தைத்தார்கள். அப்படி வைப்பதற்கு லைன் என்பதே வினைச்சொல் ஆனது. வைத்த துணி லைனிங். பிறகு பட்டு வைத்தாலும் பாலியஸ்டர் வைத்தாலும் பெயர் மாறவில்லை. அவள் அம்மாவிடம் போய் இதைச் சொன்னாளாம். "நூலுக்கும் துணிக்கும் ஒரே பேருதான்டி இருக்கும், இதுல என்ன அதிசயம்" என்றாராம் அந்த அம்மா. தைக்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது.

நான்காம் படி: நூல் எப்படிக் கோடு ஆனது என்று கண்ணால் பாருங்கள்

இந்த வழிகாட்டியிலேயே அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். பொருள் மாறியது என்று அகராதி சொல்லும், எப்படி மாறியது என்பதை நாம்தான் காட்சியாகப் பார்க்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு தச்சர் இருந்தார். மரத்தை அறுப்பதற்கு முன் ஒரு நூலைச் செங்காவிக் கரைசலில் நனைப்பார். ஒரு முனையைப் பையன் பிடித்துக்கொள்ள, மறுமுனையை அவர் இறுக இழுத்துப் பலகையோடு அழுத்திக்கொள்வார். நடுவில் இரண்டு விரலால் நூலைத் தூக்கிச் சுண்டிவிடுவார். டப் என்று ஒரு சத்தம். நூலை எடுத்தால் பலகையில் சிவப்பாக ஒரு நேர்கோடு. நூல் போய்விட்டது, கோடு நின்றுவிட்டது. லீனேயா என்ற சொல் ஐரோப்பாவில் நடந்த நடை முழுவதும் அந்த ஒரு டப் சத்தத்துக்குள் இருக்கிறது.

தமிழ்ப் பேரகராதியை இப்போது எடுங்கள். அந்தத் தச்சர் நூலுக்கு எற்றுநூல் என்று பெயர். எற்றுதல் என்றால் அடித்தல், சுண்டுதல். அடுத்து நூல் என்ற பதிவைப் பாருங்கள். பஞ்சில் திரித்த இழையும் நூல், கற்கும் புத்தகமும் நூல். ஆங்கிலத்தில் லைன் கயிறாகவும் இருக்கிறது, கவிதையின் வரியாகவும் இருக்கிறது. இரண்டு மொழியும் ஒன்றை ஒன்று பார்க்காமலே ஒரே பாதையில் நடந்திருக்கின்றன.

நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் இதை வைத்தே இரண்டு வெண்பா வைத்திருக்கிறார். ஒன்றில், சொல்தான் பஞ்சு, பாட்டுதான் இழை, புலவனே நூற்கும் பெண், வாயே கை, அறிவே நூல் சுற்றும் கதிர், இப்படித்தான் நூல் உருவாகிறது என்கிறார். அடுத்ததில் தச்சரிடம் வருகிறார். மரத்தின் கோணலைத் தீர்ப்பது எற்றுநூல், மனத்தின் கோணலைத் தீர்ப்பது கற்கும் நூல். பல பொருள் ஒரு சொல்லை இவ்வளவு தெளிவாக விளக்கிய பாடத்தை வேறெங்கும் நான் படித்ததில்லை. நெசவுத் தெருப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது அவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கிறேன்.

இன்னும் ஒன்று. கட்டட வேலையில் "ஒரு நூல் இறக்குப்பா" என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆங்கிலேயரிடமும் லைன் என்ற பெயரில் ஓர் அளவு இருந்தது, அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. சட்டைப் பித்தான்களை அளக்க இன்றும் லின்ய் என்ற அளவுதான் புழங்குகிறது, அங்குலத்தில் நாற்பதில் ஒரு பங்கு. நூலின் பெயரே அளவாகிப் போனது இங்கும் அங்கும். நேராக இருப்பதை நாம் நூல் பிடித்த மாதிரி என்கிறோம். கொத்தனார் சுவருக்குத் தொங்கவிடும் தூக்குக்குண்டின் நூல், அவர்களுக்குப் பிளம்ப் லைன்.

லைன் அடிப்பது என்று எழுதிய பையனுக்கு இங்கேதான் பதில் சொன்னேன். ஒருவர் மனசை ஆழம் பார்க்கப் பேச்சுக் கொடுப்பதைத் தமிழில் நூல் விட்டுப் பார்ப்பது என்கிறோமே, அது எத்தனை பழகிய பேச்சு! லைன் என்ற சொல்லைக் கடன் வாங்குவதற்கு என்ன இருக்கிறது, நம்மிடமே நூல் இருக்கிறதே என்றேன். அடுத்த வாரம் அவன் நோட்டில் நூல் பற்றித் தனியாக ஒரு பக்கம் இருந்தது.

ஐந்தாம் படி: கிளை பிரியுங்கள்

இப்போது நோட்டில் உள்ள வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது நூலா, கோடா, வரிசையா என்று கேளுங்கள். பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றில் போய் உட்காரும்.

நூலும் கயிறுமாக இன்னும் இருப்பவை: தூண்டில் கயிறு, துணி காயப்போடும் கொடி, தந்திக் கம்பி, மின்கம்பி. கயிறு கம்பியானது பத்தொன்பதாம் நூற்றாண்டில், தந்தி வந்தபோது. அந்தக் கம்பி போகும் வழியைக் கவனிக்கும் ஆள் லைன்மேன். தமிழில் கம்பியாளர் என்று அழகாகச் சொல்லலாம், அந்தச் சொல் கயிற்றுப் பொருளைச் சரியாகப் பிடித்திருக்கிறது. தந்தி போய்த் தொலைபேசி வந்தது, லைன்ல இருங்க என்றானது. இப்போது கம்பியே இல்லாத செல்போனிலும் லைன்ல இருக்கிறோம், ஆன்லைனில் இருக்கிறோம்.

கோடாக இருப்பவை: கணக்கு நோட்டின் கோடு, கிரிக்கெட்டில் பந்து வரும் நேர்கோடு, எல்லைக்கோடு, கப்பலோட்டிகள் லைனைக் கடந்தோம் என்றால் நிலநடுக்கோடு. கைடுலைன் என்பது அறுப்பதற்கு முன் போட்டுக்கொள்ளும் வழிகாட்டிக் கோடு. இந்தக் கோட்டுக்குக் கீழே போகாதே என்று மனை விலைக்குக் காட்டுவது கைடுலைன் வேல்யூ. பத்திரப் பதிவுத் துறை வழிகாட்டி மதிப்பு என்று தமிழ்ப்படுத்தியிருப்பது பொருத்தமே.

வரிசையாக இருப்பவை: ரேஷன் கடை வரிசை, கவிதை வரி, படை வரிசை. பட்டாளக்காரர்களின் கூடாரங்களும் குடிசைகளும் வரிசையாக இருந்ததால் அந்தக் குடியிருப்புக்கே லைன்ஸ் என்று பெயர் வந்தது. பெரிய ஊர்களில் போலீஸ் லைன்ஸ், சிவில் லைன்ஸ் எல்லாம் அந்த வழி. சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். பிறகு மலையில் தோட்டங்கள் பெருகின. தோட்டத் தொழிலாளருக்கு ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கும் லைன் என்றே பெயர். கீழே ஊருக்குள் அதே அமைப்பில் வாடகைக்குக் கட்டினோம், லைன் வீடு என்றோம். ஒரு சொல் பட்டாளத்திலிருந்து தோட்டத்துக்கும், தோட்டத்திலிருந்து நம் தெருவுக்கும் வந்த கதை இது. அந்த வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு லைன் என்பது வெறும் சொல் இல்லை, ஒரு குழாயடி, ஒரு வாசல், பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனை.

மூன்றிலும் சட்டென்று அடங்காதவை போகும் வழி என்ற பொருள் உள்ளவை. ரயில் லைன் கண்ணுக்கே கோடு மாதிரி தெரிகிறது, அது எளிது. வண்டி போகும் தடம் லைன், அந்தத் தடத்தில் கப்பல் ஓட்டும் கம்பெனி லைன், அதன் கப்பல் லைனர், பிறகு விமானம் வந்ததும் ஏர்லைன். சேல்ஸ்மேனின் ஆத்தூர் லைன் இந்தக் கிளை. மாப்பிள்ளையின் ஜவுளி லைனும் இதை ஒட்டியதே, ஒருவர் பிழைப்பு ஓடும் தடம். குடும்ப மரபுக்கு லீனியேஜ் என்பார்கள், தலைமுறை தலைமுறையாக இழுத்த நூல். நாம் கொடிவழி என்கிறோம். அவர்களுக்கு நூல், நமக்குக் கொடி.

ஆறாம் படி: உறவினரைக் கூப்பிடுங்கள், போலியைத் தள்ளுங்கள்

ஒரு சொல்லோடு அதன் குடும்பமே பழகிவிடும், அதுதான் இந்த முறையில் பெரிய ஆதாயம். ஆளிவிதை எண்ணெய் லின்சீட் ஆயில். கிரிக்கெட் மட்டைக்குத் தடவுகிறார்களே, அதுதான். 1860களில் பிரெடரிக் வால்டன் என்பவர் அந்த எண்ணெயைக் கெட்டிப்படுத்தித் தரை விரிப்பு செய்தார், ஆளியும் எண்ணெயும் சேர்ந்த பெயராக லினோலியம் என்று வைத்தார். பெண்கள் உள்ளாடைக் கடைப் பலகையில் இருக்கும் லான்ஜரி, பிரெஞ்சில் லினன் துணியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. வரிசைப்படுத்துவது அலைன். அதை எழுதும்போது ஒலிக்காத ஒரு ஜி எழுத்து நடுவில் நிற்கும். பிள்ளைகள் அதை விட்டுவிடுவார்கள். பிரெஞ்சு வாசல் வழியாக வந்தபோது ஒட்டிக்கொண்ட எழுத்து அது என்று ஒரு தடவை சொன்னால் பிறகு விடுவதில்லை.

போலி உறவுகள் நிறைய. எழுத்து ஒன்றாக இருப்பதால் ஏமாந்துவிடக் கூடாது. டிக்ளைன், இன்க்ளைன், ரிக்ளைன் மூன்றிலும் லைன் இருப்பது போலத் தெரிகிறது. இல்லை. அவற்றின் வேர் சாய்தல் என்ற பொருளுள்ள க்ளினாரே. கீழே சாய்ந்தால் டிக்ளைன், பின்னால் சாய்ந்தால் ரிக்ளைன். டிசிப்ளினும் காசோலினும் கூட எழுத்தில் மட்டும்தான் ஒட்டு. லிங்க் சங்கிலி வளையத்திலிருந்து வந்தது. லிங்குவிஸ்டிக்ஸ் நாக்கிலிருந்து வந்தது. லிமிட் எல்லையைக் குறிக்கும் வேறு லத்தீன் சொல்.

செடிகளுக்கு இரட்டைப் பெயர் சூட்டும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸ் பெயரும் ஆளிச் செடியிலிருந்து வந்ததில்லை. அவர் குடும்பப் பெயர் லிண்டன் என்ற மரத்திலிருந்து எடுத்தது. ஆனால் 1753இல் ஆளிக்கு லீனும் உசிடாடிசிமும் என்று பெயர் வைத்தவர் அவர்தான். உசிடாடிசிமும் என்றால் மிக அதிகம் பயன்படுவது. நாரும் எண்ணெயும் விதையும் தரும் செடிக்கு இதைவிட நல்ல பெயர் வைக்க முடியாது.

ஏழாம் படி: கதை ஒட்டிய சொல்லைத் தனியாக விசாரியுங்கள்

கூட்டுச் சொற்களில் சிலவற்றுக்குப் பின்னால் நிஜச் சம்பவம் இருக்கும். ஹெட்லைன், அவுட்லைன், பைப்லைன் எல்லாம் பிரித்தாலே புரியும், அங்கே நிற்க வேண்டாம். டெட்லைனில் நில்லுங்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஜார்ஜியா மாநிலத்தில் ஆண்டர்சன்வில் என்ற இடத்தில் 1864இல் ஒரு போர்க்கைதிச் சிறை திறந்தார்கள். சுற்றிலும் மரச்சுவர். சுவருக்குச் சுமார் 19 அடி உள்ளே தள்ளி ஒரு சின்னக் கட்டை வேலி. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ காவலர் சுட்டுவிடுவார்கள். அந்த வேலிக்குக் கைதிகள் மத்தியில் டெட் லைன் என்று பெயர். அங்கே அடைக்கப்பட்ட சுமார் 45,000 பேரில் 13,000 பேருக்கு அருகில், பெரும்பாலும் நோயிலும் பசியிலும் செத்துப்போனார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில், செய்தி கொடுக்க வேண்டிய கடைசி நேரத்துக்கு இதே சொல் வந்தது. தாண்டக் கூடாத இடம், தாண்டக் கூடாத நேரமானது. வீட்டுப்பாடத்துக்கு டெட்லைன் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த வேலி கண்முன் வருகிறது. இப்போது வகுப்பில் கடைசி நாள் என்றே சொல்லிவிடுகிறேன்.

எழுத்தில் அடிக்கடி தவறாக வரும் இன்னொன்று, டோ த லைன். கயிற்றைக் கட்டி இழுக்கும் டோ என்று நினைத்துப் பலர் எழுதுகிறார்கள். அது கால் விரலைக் குறிக்கும் டோ. போட்டுவைத்த கோட்டில் கால் விரல் படும்படி எல்லோரும் வரிசையாக நிற்பது, அதாவது சொன்னபடி கட்டுப்பட்டு நடப்பது.

எட்டாம் படி: தமிழில் சொல்லிப் பாருங்கள்

கடைசியாக, ஒவ்வொரு வாக்கியத்தையும் லைன் என்ற சொல்லே வராமல் தமிழில் எழுதச் சொல்கிறேன். கோடு, வரி, வரிசை, கம்பி, கயிறு, தடம், எல்லை, மரபு, தொழில், பாதை என்று குறைந்தது பத்துச் சொல் தேவைப்படும். எங்கே எந்தச் சொல் என்று தடுமாறினால் ஐந்தாம் படியில் அந்தக் கிளை சரியாகப் பிரியவில்லை என்று அர்த்தம், திரும்பப் போய்ப் பாருங்கள். இதை எழுதும்போதுதான் வரி என்ற நம் சொல்லுக்கே கோடு, எழுத்து வரி, அரசு வாங்கும் வரி, வரிப்புலியின் வரி என்று எத்தனை பொருள் என்று ஒரு பிள்ளை எழுந்து சொல்லும். அதற்கு ஒரு தனி நோட்டுப் போட வேண்டியதுதான்.

லைனை முடித்தவர்களுக்கு அடுத்து நான் கொடுக்கும் சொல் பிளாண்ட். சேலத்துப் பிள்ளைகளுக்குச் சேகரிக்கச் சிரமமே இல்லை. உருக்காலை ஸ்டீல் பிளாண்ட், ஏற்காட்டில் தோட்டம் வைத்திருப்பவர் பிளாண்டர், பள்ளிக்கூடத்தில் மரம் நடும் விழா. பின்முனையைத் தேடும்போது, லத்தீனில் பிளான்டா என்றால் நாற்று, உள்ளங்கால் என்றும் பொருள், என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, வீட்டில் யாருக்காவது குதிகால் வலி இருந்தால் டாக்டர் சீட்டில் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்து வாருங்கள் என்று அனுப்பிவைப்பேன். மறுநாள் யாராவது ஒருவர் பாட்டியின் சீட்டைக் கொண்டுவருவார்கள். அதில் பிளான்டர் ஃபேசியைட்டிஸ் என்று இருக்கும்.